ஆட்டம் காண வருவோர்க்கு வழியும் இடமும்

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நெருங்கும் காலத்தில், எந்த அணி வெல்லும், எந்த வீரர் அதிகக் கோல் அடிப்பார் என்பவற்றை வாரக்கணக்கில் விவாதிக்கும் நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும், அந்த அணிகளைக் காண்பதற்கென்றே கடல் கடந்து வரும் லட்சக்கணக்கான ஜனங்கள் எந்த வழியாக வந்து சேர்வார்கள், எங்கே உறங்குவார்கள், ஆட்டம் முடிந்த நள்ளிரவில் எந்த வண்டியில் ஏறுவார்கள் என்பனவற்றைப் பற்றி மிகச் சொற்பமாகவே பேசுகின்றன. அந்த ஜனங்கள் இல்லாவிட்டால் ஆட்டம் என்னவாகும் என்பதை, பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில் காலியான அரங்குகளில் நடந்த ஆட்டங்கள் உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிவிட்டன. பந்தும் இருந்தது, வீரர்களும் இருந்தார்கள். ஆனால் கோல் விழுந்தபோது எழவேண்டிய ஆரவாரம் எழவில்லை. ஆகவே அபிமானிகளின் பிரயாணமும் தங்குமிடமும் போட்டிக்கு வெளியே உள்ள விஷயங்கள் என்று கருதுவது பெரும் பிழை. அவற்றை ஒழுங்காக வகுத்துக் கொடுப்பது, போட்டியை நடத்தும் நாட்டுக்கும், அதை அந்நாட்டுக்கு அளிக்கும் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவுக்கும் உரிய கடமை. அந்தக் கடமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிடச் செய்த பிறகே எந்த நாட்டுக்கும் போட்டியை அளிக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இந்தப் பிரயாணத்துக்கு மற்ற யாத்திரைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. கும்பகோணத்து மகாமகத்துக்குச் செல்கிறவர், நீராடவேண்டிய நாளையும் குளத்தையும் பஞ்சாங்கத்திலிருந்தே முன்கூட்டி அறிந்து, ரயிலுக்கும் சத்திரத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். கால்பந்து அபிமானியோ, போட்டிக்குச் சுமார் அரை வருஷத்துக்கு முன் குலுக்கல் நடந்து முடியும் வரையில், தன் அணி எந்த நகரத்தில் ஆடப்போகிறது என்பதையே அறியமாட்டார். குலுக்கலுக்குப் பிறகும் அவர் நிச்சயமாக அறிவது முதல் மூன்று ஆட்டங்களின் ஊர்களை மட்டுமே. அதன் பின் அவருடைய வழி, குழுவில் அவருடைய அணி முதலிடம் பெறுகிறதா, இரண்டாமிடம் பெறுகிறதா, மூன்றாமிடத்தோடு முன்னேறுகிறதா, வெளியேறுகிறதா என்பதைப் பொறுத்துப் பலவாகப் பிரிகிறது.

2018ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அர்ஜென்டினாவும் நைஜீரியாவும் ஆடிய ஆட்டத்தை நினைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது இரண்டு அணிகளும் ஆளுக்கொரு கோலுடன் சமமாக நின்றன. அப்படியே முடிந்திருந்தால் அர்ஜென்டினா வீடு திரும்பியிருக்கும். 86ஆவது நிமிஷத்தில் மார்க்கோஸ் ரோஹோ கோல் அடித்ததும், அரங்கில் இருந்த ஆயிரக்கணக்கான அர்ஜென்டினர்கள், ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்ட மறுகணமே, நான்கு நாளில் கஸான் நகரத்துக்குப் போய்ச்சேர வழியும், அங்கே தலைசாய்க்க ஓரிடமும் தேடவேண்டியவர்களானார்கள். ஒரே நேரத்தில், ஒரே ஊருக்கு, ஒரே நாளுக்கென்று அத்தனை பேரும் தேடும்போது விமானக் கட்டணமும் அறை வாடகையும் என்ன கதியடையும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. சாதாரணச் சுற்றுலாவுக்குப் பொருந்தும் வியாபார நியாயம் இங்கே பொருந்தாமற்போவதற்குக் காரணம் இந்த நிச்சயமின்மையே. இதை உண்டாக்குவது போட்டியின் அமைப்பு. ஆகவே அதன் பாரத்தை முழுவதும் அபிமானியின் தலையில் சுமத்துவது நீதியாகாது.

முதல் உலகக் கோப்பையை நடத்திய உருகுவே நாடு இந்தக் கடமையின் ஒரு பாதியை அன்றைக்கே உணர்ந்திருந்தது. 1930ஆம் ஆண்டில், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வர ஐரோப்பிய நாடுகள் தயங்கியபோது, வரும் அணிகளின் பிரயாணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாக அந்தச் சிறிய நாடு வாக்களித்தது. அப்படியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கே அணிகள். அவற்றுள் பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா ஆகிய மூன்றும் ‘கோன்டே வெர்டே’ என்ற ஒரே கப்பலில், ஃபிஃபாவின் தலைவர் ஜூல் ரிமேயுடனும் வெற்றிக் கோப்பையுடனும் ஏறக்குறைய இரண்டு வாரம் பிரயாணம் செய்து மான்டெவிடியோவை அடைந்தன. ஆட்டங்கள் யாவும் அந்த ஒரே நகரத்தில் நடந்ததால், வந்தவர்கள் ஊர் ஊராக அலைய நேரவில்லை. ஆனால் ஜூலை 30ஆம் தேதி நடந்த இறுதியாட்டத்துக்கு, பிளாட்டா நதிமுகத்தைப் படகுகளில் கடந்து வந்த அர்ஜென்டின அபிமானிகள் பலர், மூடுபனியாலும் துறைமுகத்தின் நெரிசலாலும் தாமதப்பட்டு, ஆட்டம் தொடங்குமுன் கரையேற முடியாமற்போயினர். அணியை வரவேற்கத் திட்டமிட்டவர்கள் அபிமானியை வரவேற்கத் திட்டமிடவில்லை. அன்று ஏற்பட்ட அந்தக் குறை அதன்பின் பல போட்டிகளில் வெவ்வேறு உருவங்களில் தொடர்ந்து வந்திருக்கிறது.

அந்தக் குறையைத் தீர்க்கும் மார்க்கத்தைச் சீராகக் காட்டிய நாடு ஜெர்மனி. 2006ஆம் ஆண்டில் பன்னிரண்டு நகரங்களில் போட்டியை நடத்திய அந்நாடு, ஆட்டத்துக்கான டிக்கெட்டையே, ஆட்ட நாளில் அந்த நகரத்தின் ரயிலுக்கும் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் உரிய டிக்கெட்டாகவும் ஆக்கியது. அத்துடன், டிக்கெட் கிடைக்காதவர்களும் ஒன்றுகூடிப் பெரிய திரையில் ஆட்டத்தைக் காண நகர மைதானங்களைத் திறந்துவிட்டது. சிறிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் பயன் பெரிது. ஐம்பதினாயிரம் பேர் இரண்டு மணி நேரத்துக்குள் ஓர் இடத்தில் வந்து குவியும்போது, ஒவ்வொருவரும் டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்று சில்லறை தேடினால் நிலையம் திணறிப்போகும். கட்டணம் முன்பே செலுத்தப்பட்டிருந்தால் ஜனங்கள் நேரே வண்டியில் ஏறுவார்கள், வாடகைக் காரைத் தேடமாட்டார்கள், உள்ளூர்வாசிகளின் சாலைகளும் அடைபடா. 2024ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கோப்பையை நடத்தியபோது, அதே நாடு இந்த உரிமையை 36 மணி நேரமாக விரித்ததோடு, குழு ஆட்டங்களுக்காக நகரங்களைப் பிரதேசவாரியாகத் தொகுத்து அலைச்சலையும் குறைத்தது.

அனுமதிச் சீட்டு இருந்தால் மட்டும் போதாது, ஏறுவதற்கு வண்டியும் இருக்கவேண்டும் என்ற பாடத்தையும் அதே 2024ஆம் ஆண்டு கற்பித்தது. கெல்சன்கிர்ஹன் நகரில் இங்கிலாந்தும் செர்பியாவும் ஆடிய முதல் ஆட்டத்தின் இரவில், நகரத்துக்கு வெளியே இருந்த அரங்கிலிருந்து திரும்ப டிராம்கள் போதாமல், ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்கில் காத்து நின்றனர். தொலைதூர ரயில்களின் தாமதங்களும் அந்தப் போட்டி முழுவதும் பேச்சாகவே இருந்தன. இலவசம் என்ற அறிவிப்பைப் பத்திரிகைக்குக் கொடுப்பது எளிது. நள்ளிரவு வரை வண்டி ஓட்ட ஆட்களையும் பெட்டிகளையும் ஆயத்தமாக வைத்திருப்பதே நிர்வாகத்தின் உண்மையான வேலை.

விஸ்தீரணம் மிகுந்த நாடுகளில் இந்த வேலை பன்மடங்காகப் பெருகுகிறது. 2014ஆம் ஆண்டில் பிரேஸில் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு நகரங்களுள், தெற்கே இருக்கும் போர்ட்டோ அலெக்ரேக்கும் அமேஸான் காட்டின் நடுவே இருக்கும் மானௌஸுக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். மானௌஸுக்கு நல்ல சாலை மார்க்கமும் இல்லாததால் விமானத்தையோ நதிப்படகையோ நம்பியே போகவேண்டும். அமெரிக்க அணி நட்டால், மானௌஸ், ரெசிஃபே என்ற மூன்று ஊர்களில் முதல் மூன்று ஆட்டங்களை ஆடியபோது, அதைப் பின்தொடர்ந்த அபிமானி எத்தனை விமானம் ஏறியிருப்பார், எவ்வளவு செலவழித்திருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பக்கத்து நாடான அர்ஜென்டினாவிலிருந்து காரிலும் வேனிலும் வந்தவர்கள் ரியோ கடற்கரைச் சாலைகளிலேயே படுத்துறங்கத் தொடங்கிய பிறகு, நகர நிர்வாகம் கார்னிவல் ஊர்வலம் நடக்கும் சம்பாட்ரோம் வளாகத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டது. உதவி கிடைத்தது வாஸ்தவம். ஆனால் முன்யோசனையால் கிடைக்கவேண்டியது நெருக்கடியால் கிடைத்தது.

அதே பிரேஸில் இன்னொரு பாடத்தையும் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. விருந்தினருக்காகச் செய்யும் போக்குவரத்து, உள்ளூர் ஜனங்களுக்கு நிலைத்த பயன் தராவிட்டால் அது அநியாயமாகவே முடியும். குயாபா நகரில் போட்டிக்கென்று தொடங்கப்பட்ட இலகு ரயில்பாதை, போட்டி முடிந்து பல வருஷங்களாகியும் முற்றுப்பெறாமல் கிடந்து, கடைசியில் கைவிடப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாட்டையே உலுக்கிய கிளர்ச்சி, சாவோ பாலோவில் பஸ் கட்டணம் 20 சென்டாவோ உயர்த்தப்பட்டதை எதிர்த்து எழுந்து, பின்னர் அரங்குகளுக்காகச் செய்யப்பட்ட செலவையும் தட்டிக்கேட்டது. தினந்தோறும் வேலைக்குப் போகிறவருக்கு நல்ல பஸ் கொடுக்காத நகரம், ஒரு மாத விருந்தினருக்காகப் பொக்கிஷத்தைத் திறக்கும்போது, ஜனங்களின் கோபம் நியாயமானதே. இதற்கு மாறாகத் தென்னாப்பிரிக்கா, 2010ஆம் ஆண்டுப் போட்டி தொடங்க மூன்று நாள் இருக்கையில், ஜொஹன்னஸ்பர்க் விமான நிலையத்தையும் சான்ட்டன் பகுதியையும் இணைத்துத் திறந்த ‘கௌட்ரெயின்’ ரயில், பின்னர் பிரிட்டோரியா வரை நீண்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரயாண வசதியை அளித்ததில் அண்மைக் காலத்தின் பெரிய முயற்சி ரஷ்யாவினுடையது. கலினின்கிராடிலிருந்து எகாத்தரின்பர்க் வரையில் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் விரிந்து கிடந்த பதினொரு நகரங்களுக்கிடையே, 2018ஆம் ஆண்டில் எழுநூறுக்கு மேற்பட்ட விசேஷ ரயில்களை அந்நாடு இலவசமாக ஓட்டியது. டிக்கெட் வாங்கியவர் ‘ஃபேன் ஐடி’ என்ற அடையாள அட்டையைப் பெற்றுக்கொண்டால், விசா இல்லாமலே நாட்டுக்குள் நுழையலாம். படுக்கை வசதியுள்ள ரயிலில் இடம் பதிவு செய்துகொள்ளலாம். இரவு ரயிலில் உறங்கிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போவதால் ஓரிரவு அறை வாடகையும் மிச்சமாகும். நம் நாட்டிலிருந்து சென்ற அபிமானிகளுக்கும் இது பேருதவியாக இருந்தது. வருகிற ஒவ்வொருவரின் விவரங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போய்விடுகின்றன என்ற ஆட்சேபம் அந்த அட்டையைப் பற்றி எழுந்ததையும் மறைக்கவேண்டியதில்லை. அந்த ஆட்சேபம் தக்கதே. ஆனால் விவரங்களைப் போட்டி முடிந்ததும் அழித்துவிடச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாம்; அதற்காக ரயிலையும் விசாச் சலுகையையும் வேண்டாமென்று தள்ளுவது சரியாகாது.

வழியைவிடக் கடினமானது இடத்தின் விஷயம். ரயிலையும் பஸ்ஸையும் பெரும்பாலும் அரசாங்கமோ நகராட்சியோ நடத்துவதால் அங்கே உத்தரவு செல்லும். விடுதிகளோ தனியார் கையில் இருக்கின்றன. போட்டிக்குப் பல வருஷங்களுக்கு முன்பே, ஃபிஃபாவின் சார்பில் முகவர்கள் நல்ல ஹோட்டல்களின் அறைகளைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து, அதிகாரிகளுக்கும் விளம்பரதாரர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஒதுக்குகிறார்கள். மிஞ்சிய அறைகள் குறைவென்று கண்ட சந்தை விலையை ஏற்றுகிறது. ஓரிரவுக்கு அறை கேட்பவரிடம் நான்கு இரவுக்குக் கட்டினால்தான் தருவோம் என்கிறது. குலுக்கல் நடந்த மறுநாளே சில விடுதிகள் பழைய பதிவுகளை ரத்துசெய்து புதிய விலைக்கு விற்கவும் முற்படுகின்றன. பிறகு, போட்டிக்குச் சில மாதங்களே இருக்கும்போது, பிடித்துவைத்த அறைகளில் தேவைப்படாதவை விடுதிகளிடமே திருப்பப்படுகின்றன. 2010ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இப்படித்தான் நிகழ்ந்தது. விலையைக் கேட்டு அஞ்சிய வெளிநாட்டு அபிமானிகள் பலர் பிரயாணத்தையே கைவிட்ட பிறகு, அறைகள் காலியாகித் திரும்பி வந்தன. அபிமானியும் நஷ்டமடைந்தார், விடுதிக்காரரும் நஷ்டமடைந்தார்.

2012ஆம் ஆண்டில் போலந்தும் உக்ரைனும் ஐரோப்பியக் கோப்பையை நடத்தியபோது, உக்ரைனிய நகரங்களில் அறை வாடகை பன்மடங்கு உயர்ந்ததைக் கண்டு, ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஃபாவின் அப்போதைய தலைவர் மிஷேல் பிளாட்டினி, அந்த விடுதிக்காரர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று பகிரங்கமாகவே சாடினார். சாடியதால் விலை இறங்கிவிடவில்லை. இடம் கிடைக்க வழி செய்தவர்கள் ஸ்வீடன் நாட்டு அபிமானிகளே: தங்கள் அணியின் மூன்று குழு ஆட்டங்களும் கீவ் நகரத்திலேயே அமைந்ததைப் பயன்படுத்தி, தினீப்பர் நதியின் நடுவே உள்ள துருக்கானிவ் தீவில் கூடாரங்கள் அடித்துப் பெரிய பாசறையாகத் தங்கினார்கள். தண்ணீரும் கழிப்பிடமும் காவலும் உள்ள ஒரு திறந்த வெளியை நகரம் ஒதுக்கிக் கொடுத்தால், சொற்பச் செலவில் ஆயிரக்கணக்கானோர் கௌரவமாகத் தங்கமுடியும் என்பதற்கு அந்தத் தீவு சாட்சி.

அடுத்து கத்தார். ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வாழும் அந்தத் தீபகற்பத்தில், 2022ஆம் ஆண்டு நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை, எட்டு அரங்குகளில் போட்டி நடந்தது. வடக்கே அல் கோரில் உள்ள அல் பைத் அரங்குக்கும் தெற்கே அல் வக்ராவில் உள்ள அல் ஜனூப் அரங்குக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டரே தூரம். இதனால் ஒருவர் ஒரே விடுதியில் ஒரு மாதம் தங்கியபடி எல்லா அரங்குகளுக்கும் போய்வர முடிந்தது. குழு ஆட்டங்களின் நாட்களில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைக் காணவும் முடிந்தது. 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தோஹா மெட்ரோவில், போட்டிக்கு வருவோருக்கு வழங்கப்பட்ட ‘ஹய்யா’ என்ற அடையாள அட்டை உள்ளவர்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்தார்கள். மெட்ரோ எட்டாத அரங்குகளுக்குப் பஸ்கள் விடப்பட்டன. 1930ஆம் ஆண்டுக்குப் பின், பிரயாணத்தின் அலைச்சல் இவ்வளவு குறைந்த உலகக் கோப்பை வேறொன்றில்லை எனலாம்.

ஆனால் தங்குவதற்கு இடம் அங்கே எளிதில் கிடைக்கவில்லை. பெரும் உல்லாசக் கப்பல்கள் தோஹா துறைமுகத்தில் விடுதிகளாக நங்கூரமிட்டன, பாலைவனத்தில் கன்டெய்னர் வடிவ அறைகளாலான ‘ஃபேன் வில்லேஜ்’கள் எழுந்தன, அந்தச் சிறிய அறைக்கே ஓரிரவு வாடகை ஏறத்தாழ 200 டாலர். துபாய், மஸ்கட், ரியாத் முதலிய நகரங்களில் தங்கி, காலையில் விமானமேறி வந்து ஆட்டம் பார்த்து, இரவே திரும்பிப்போகும் ஏற்பாடும் செய்யப்பட்டது. வளைகுடா நாடுகளில் வேலைசெய்யும் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் உலகக் கோப்பையை நேரில் காணும் சந்தர்ப்பம் இதனால் வாய்த்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு வேதனையும் சேர்ந்தே இருக்கிறது. அந்த மெட்ரோவையும் அரங்குகளையும் கட்டியவர்கள் தமிழ்நாடு, கேரளம், இலங்கை, நேபாளம், வங்கதேசம் முதலிய இடங்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள். போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, அபிமானிகள் தங்கவிருந்த தோஹாவின் மையப் பகுதியில் குடியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அது போட்டியுடன் சம்பந்தமற்றது என்றும், அவர்களுக்கு வேறிடம் தரப்பட்டதென்றும் அந்நாட்டு அரசாங்கம் விளக்கம் கூறியது. விளக்கம் எவ்வாறாயினும், விருந்தினரின் படுக்கையைப் பற்றிப் பேசும் எவரும் அந்தப் படுக்கை இருக்கும் கட்டடத்தைக் கட்டியவரின் படுக்கையைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர். ஒருவரை எழுப்பி அனுப்பிவிட்டு மற்றொருவருக்கு விரிக்கும் பாயில் உபசாரம் என்ற பண்பு இருக்கமுடியாது.

கத்தாரின் நேர் எதிர்த் துருவமாக வகுக்கப்பட்டது 2026ஆம் ஆண்டுப் போட்டி. 48 அணிகள், 104 ஆட்டங்கள், அமெரிக்காவில் பதினொன்றும் மெக்ஸிகோவில் மூன்றும் கனடாவில் இரண்டுமாகப் பதினாறு நகரங்கள். ஜூன் 11ஆம் தேதி மெக்ஸிகோ நகரில் தொடக்கம், ஜூலை 19ஆம் தேதி நியூயார்க்கை அடுத்த நியூ ஜெர்ஸியில் இறுதியாட்டம். வான்கூவருக்கும் மயாமிக்கும் இடையே ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். குழு ஆட்டங்களைக் கிழக்கு, மத்தி, மேற்கு என்று பிரதேசவாரியாகத் தொகுத்தது போற்றத்தக்க செயல்; எனினும் நகரத்தின் பெயரைக் கண்டு மயங்காமல் அரங்கின் இருப்பிடத்தைப் பார்க்கிறவருக்கே உண்மை விளங்கும். பாஸ்டன் ஆட்டங்கள் நடக்கும் ஃபாக்ஸ்பரோ அந்நகரத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் பெயரால் வழங்கும் அரங்கு அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் சான்டா கிளாராவில் இருக்கிறது. டல்லஸ் ஆட்டங்களுக்கு உரிய ஆர்லிங்டன், அரங்குக்குச் செல்ல ரயில்பாதை இல்லாத ஊர். காரை நம்பி வளர்ந்த நகரங்களில், கார் இல்லாமல் வரும் விருந்தினருக்கு, விமான நிலையத்தில் இறங்கியதுமே கஷ்டம் தொடங்குகிறது.

தூரத்தைவிட உயரமான மதில் விசா. இந்திய அபிமானி ஒருவர் மூன்று நாட்டிலும் ஆட்டம் பார்க்க விரும்பினால், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தனித்தனியே விசா பெறவேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ளவரை மெக்ஸிகோ ஏற்றுக்கொள்கிறது. டிக்கெட் வைத்திருப்போருக்கு அமெரிக்க விசா நேர்காணலில் முன்னுரிமை அளிக்கும் ஏற்பாடு 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் முன்னுரிமை கிடைப்பது நேர்காணலுக்கே அன்றி விசாவுக்கு அன்று. ஈரானும் ஹைத்தியும் போட்டிக்குத் தகுதிபெற்ற நாடுகள்; அந்த நாட்டுப் பிரஜைகள் அமெரிக்காவுக்குள் வர 2025ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட தடையில், அணிகளுக்கு விலக்கு உண்டு, அபிமானிகளுக்கு இல்லை. உருகுவே செய்த பிழையே, ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பின், இன்னும் கடுமையான வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. டிக்கெட்டின் விலையோ, தேவைக்கேற்ப ஏறியிறங்கும் முறையில், முதல் விற்பனையிலேயே 60 டாலரிலிருந்து 6,730 டாலர் வரை நிர்ணயிக்கப்பட்டது. உலகெங்கும் அபிமானிகள் எழுப்பிய கண்டனத்துக்குப் பிறகே, அணிகளை நெடுங்காலமாகப் பின்தொடர்வோருக்கென்று 60 டாலர் டிக்கெட்டுகள் சில ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டன. கண்டித்தால் பலன் உண்டு என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இத்தகைய போட்டிகளுக்குச் செல்ல விரும்பும் நம்மவர்களுக்கு, திட்டமிடும் வரிசையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வது உபயோகமாகும். முதலில் விசாவின் காலத்தைக் கணக்கிட்டு அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் குலுக்கலில் பெயர் விழுந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவர் காலம் தவறிவிடுவார். அடுத்து, அணியைப் பின்தொடர்வதா, பிரதேசத்தைத் தேர்ந்துகொள்வதா என்று முடிவுசெய்ய வேண்டும். மிதமான வசதியுள்ளவருக்கு, ரயிலாலோ பஸ்ஸாலோ எளிதில் இணைக்கப்பட்ட இரண்டு மூன்று நகரங்களை ஒட்டி ஒரு சிறிய ஊரில் தங்கி, அங்கு வரும் அணிகள் எவையாயினும் அவற்றைக் காண்பதே சிக்கனம். மூன்றாவதாக, தங்குமிடத்தைக் கட்டணமின்றி ரத்துசெய்யும் உரிமையோடு பதிவுசெய்து, அந்த உறுதியை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நான்காவதாக, அரங்குக்குப் போகும் வழியைவிட, ஆட்டம் கூடுதல் நேரத்துக்கும் பெனால்டிக்கும் நீண்டால் திரும்பும் கடைசி வண்டி எப்போது என்பதை விசாரித்து வைக்க வேண்டும். நாக்-அவுட் சுற்றுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவைத்து, அணி வெளியேறினால் அது மிச்சமென்று கொள்வது மன நிம்மதிக்கு நல்லது.

ஆயினும் தனி மனிதரின் ஜாக்கிரதைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நம் நாட்டு அனுபவமே காட்டுகிறது. 2023ஆம் ஆண்டு கிரிக்கெட் உலகக் கோப்பையின் அட்டவணை, போட்டி தொடங்க நூறு நாளே இருக்கையில் ஜூன் 27ஆம் தேதி வெளியிடப்பட்டது. ஆகஸ்டில் ஒன்பது ஆட்டங்களின் தேதியோ நேரமோ மாற்றப்பட்டது. அவற்றுள் ஒன்றான இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் அக்டோபர் 15லிருந்து 14ஆம் தேதிக்குப் போயிற்று. முன்யோசனையோடு விமானமும் அறையும் பதிவுசெய்திருந்தவர்களே அதனால் தண்டிக்கப்பட்டார்கள். அகமதாபாதில் அறை வாடகை ஏறிய வேகத்தில், உடற்பரிசோதனை என்ற பெயரில் மருத்துவமனை அறைகளில் ஓரிரவு தங்க ஜனங்கள் விசாரித்ததாகவும் செய்திகள் வந்தன. அதே நகரம் 2030ஆம் ஆண்டில் காமன்வெல்த் விளையாட்டுகளை நடத்தப்போகிறது. 2036ஆம் ஆண்டு ஒலிம்பிக்கையும் நம் தேசம் விரும்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே வழியையும் இடத்தையும் பற்றிய இந்த விசாரம் நமக்கு அந்நியமானதன்று.

ஏழு நிபந்தனைகளைப் போட்டி ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை. டிக்கெட் விலையிலேயே ஆட்ட நாளின் பொதுப் போக்குவரத்து அடங்கியிருக்க வேண்டும். கடைசி அபிமானி ஏறும் வரையில் வண்டிகள் ஓடவேண்டும். போட்டியைக் கேட்கும்போதே ஒவ்வொரு நகரமும், பல்கலைக்கழக விடுதிகள், கூடார மைதானங்கள் உட்பட, சாதாரண வருமானமுள்ளவர் தாங்கக்கூடிய வாடகைக்கு இத்தனை படுக்கைகள் என்று எண்ணிக் காட்டி உறுதியளிக்க வேண்டும். மொத்தமாகப் பிடிக்கும் அறைகளில் தேவையற்றவற்றைக் குலுக்கல் நடந்தவுடனேயே விடுவிக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டவருக்கு டிக்கெட்டின் முழுத்தொகையும் திருப்பித் தரப்பட வேண்டும். தகுதிபெற்ற அணியின் அபிமானிகளை அனுமதிக்க மறுக்கும் நாட்டுக்குப் போட்டியே அளிக்கக்கூடாது. இந்த ஏற்பாடுகளுக்காக எந்தத் தொழிலாளியும் எந்தக் குடிவாசியும் இடம்பெயர்க்கப்படக் கூடாது.

விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும், வெளிநாட்டு விருந்தினரின் சுகத்துக்கு உள்ளூர் வரிப்பணம் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். வரிப்பணம் வேண்டியதில்லை, ஒளிபரப்பு உரிமையாலும் விளம்பரத்தாலும் கோடிக்கணக்கான டாலர் ஈட்டும் ஃபிஃபாவின் வருமானத்திலிருந்து ஒரு பங்கு போதும். அந்த ஒளிபரப்புக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு அரங்கில் பாடிக்கொண்டும் கண்ணீர் விட்டுக்கொண்டும் நிற்கும் அபிமானியும் ஒரு காரணம். அவர் உண்டாக்கிய செல்வத்தில் அவருடைய ரயில் டிக்கெட்டுக்கு ஒரு பங்கு கேட்பது யாசகம் அன்று, உரிமை.

2030ஆம் ஆண்டுப் போட்டி, நூற்றாண்டு நினைவாக மான்டெவிடியோ, புவெனஸ் ஐரிஸ், அசுன்சியோன் நகரங்களில் முதல் ஆட்டங்களை நடத்திவிட்டு, பின்னர் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் மொராக்கோவுக்கும் போகவிருக்கிறது. அந்த முதல் ஆட்டங்களில் ஆடும் அணியோடு செல்லும் அபிமானி மூன்று கண்டங்களைக்கூடத் தொட நேரலாம். 2034ஆம் ஆண்டுப் போட்டி சவூதி அரேபியாவில் ஐந்து நகரங்களில் பதினைந்து அரங்குகளில் திட்டமிடப்பட்டிருக்கிறது. அவற்றைக் கட்டும் கைகளிலும், அவற்றில் அமர விரும்பும் கண்களிலும் நம்மவர்கள் பலர் இருப்பார்கள். வியாசர்பாடியின் சந்துகளிலும், தூத்தூர்க் கடற்கரையிலும், மன்னாரிலும் பந்தாடி வளரும் இளைஞர்களுக்கு, ஒரு வருஷச் சேமிப்பைக் கொண்டு தங்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் உலகக் கோப்பை ஆட்டத்தை நேரில் கண்டு, பத்திரமாக உறங்கி, வீடு திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு போட்டிகளின் நிர்வாகிகள் இப்போதே விடை எழுதத் தொடங்கவேண்டும். அரங்குகளின் வரைபடங்களை உலகத்துக்குக் காட்டுகிறவர்களிடம் படுக்கைகளின் கணக்கையும் கடைசி ரயிலின் நேரத்தையும் கேட்டு வாங்குவது, கால்பந்தை நேசிக்கும் ஒவ்வொருவருடைய பொறுப்பு.